கிட்ஹப்ல எடுத்த ஸ்டூடண்ட் டேட்டாபேஸ் ப்ராஜெக்ட் ஓடலயா? திரையில என்ன வருதுன்னு பாத்துட்டு இங்க தேடுங்க

பாளையங்கோட்டைல காலேஜ் பக்கத்துல ஜெராக்ஸ், பைண்டிங் கடை வச்சிருக்கேன். படிச்சது பிசிஏ, அதனால பிப்ரவரி கடைசில இருந்து ஏப்ரல் வரைக்கும் ரிக்கார்ட் பைண்டிங் பண்ண வர்ற பசங்க லேப்டாப்பையும் தூக்கிட்டே வருவாங்க. பேச்சு எப்பவும் ஒரே மாதிரிதான் போகும். "அண்ணே, ப்ராஜெக்ட் ஓடலண்ணே." "என்ன வருது?" "எரர் வருதுண்ணே." "என்ன எரர்?" "இங்கிலீஷ்ல பெருசா ஏதோ வந்துச்சுண்ணே, மூடிட்டேன்."

மூடாதீங்க. அந்த நாலு வரிலதான் பாதி பதில் இருக்கு. கிட்ஹப்ங்கிறது எழுதுன கோடை மத்தவங்க எடுத்துக்க ஷேர் பண்ற தளம், அங்க ஷேர் பண்ண கோடு வேற ஒருத்தர் மெஷின்ல, வேற வெர்ஷன்ல, வேற பாஸ்வேர்டோட நல்லா ஓடிட்டிருந்த கோடு, அது உங்ககிட்ட வந்து நின்னுச்சுன்னா பெரும்பாலும் தப்பு கோடுக்குள்ள இருக்காது, ரெண்டு மெஷினுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்துல இருக்கும். அதனால எரரை படிக்காம கோடை நோண்ட ஆரம்பிச்சா ஓடிட்டிருந்ததும் கெட்டுப்போகும்.

இங்க பாக்கப் போறது எல்லாரும் எடுக்கிற அந்த செட்டு: விண்டோஸ், ஸாம்ப், பிஎச்பி, மைஎஸ்க்யூஎல்ல ஒரு ஸ்டூடண்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம். ஸாம்ப்ங்கிறது அப்பாச்சிங்கிற வெப் சர்வர், டேட்டாபேஸ், பிஎச்பி எல்லாத்தையும் சேத்து ஒண்ணா போடுற பேக்கேஜ். இறக்கும்போதே மூணு விஷயம் பாத்துக்கோங்க. ஜிப்புக்குள்ள டேபிளை எல்லாம் கட்டுற எஸ்க்யூஎல் ஃபைல் இருக்கா, லைசென்ஸ் ஃபைல் இருக்கா, கடைசியா எந்த வருஷம் கோடை மாத்திருக்காங்க. எஸ்க்யூஎல் ஃபைல் இல்லன்னா அந்த கோடை விட்டுட்டு வேற எடுங்க, டேபிளை எல்லாம் நீங்களா ஊகிச்சு கட்றதுக்குள்ள ரிவ்யூ டேட் வந்துரும்.

ஸாம்ப் கன்ட்ரோல் பேனல்ல அப்பாச்சி பச்சைக்கு வராம நிக்குது

வெப் சர்வர் வழக்கமா பேசுற வாசலான போர்ட் 80ஐ வேற யாரோ புடிச்சு வச்சிருக்காங்க. கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினா திறந்து நெட்ஸ்டாட் கமாண்டை ஏ, என், ஓ, பி ஆப்ஷனோட அடிங்க, 80க்கு நேரா யார் பேர் வருதுன்னு தெரியும். நிறைய தடவை அது விண்டோஸோட சொந்த வெப் சர்வர் ஐஐஎஸ்தான், பேர் தெரியாம வெறும் சிஸ்டம்னு வந்தாலும் முதல் சந்தேகம் அதுமேலதான். சர்வீசஸ்ல போய் வேர்ல்ட் வைட் வெப் பப்ளிஷிங் சர்வீஸை நிறுத்துனா போதும். நிறுத்த மனசில்லன்னா அப்பாச்சி கான்ஃபிக் ஃபைல்ல லிசன் 80ங்கிறதை 8080னு மாத்துங்க, அதுக்கப்புறம் ப்ரவுசர்ல லோக்கல்ஹோஸ்ட்டுக்கு பின்னாடி கோலன் போட்டு 8080 அடிக்கணும், இதை மறந்துட்டு திரும்ப வர்றவங்க நிறைய. 80 காலியா இருந்தும் வரலன்னா 443ஐயும் பாருங்க, அது எஸ்எஸ்எல் கான்ஃபிக்ல இருக்கும்.

மைஎஸ்க்யூஎல் பச்சைக்கு வந்துட்டு ரெண்டு செகண்ட்ல செத்துப்போகுது

"மைஎஸ்க்யூஎல் ஷட்டவுன் அன்எக்ஸ்பெக்டட்லி"ன்னு சிவப்புல வரும். பசங்களுக்கு கண்ணுல தண்ணி வர வைக்கிறது இதுதான். காரணம் பெருசா ஒண்ணும் இல்ல, ஸ்டாப் பட்டனை அழுத்தாமலே லேப்டாப்பை மூடிருப்பீங்க, இல்ல சார்ஜ் தீந்து ஆஃப் ஆயிருக்கும், பாதி எழுதுன நிலைமைல லாக் ஃபைல் கெட்டுப்போச்சு.

இந்த நேரத்துல பண்ணவே கூடாதது ஸாம்ப்பை அன்இன்ஸ்டால் பண்றது. போன வருஷம் ஒரு தங்கச்சி அதைத்தான் பண்ணிட்டு வந்துச்சு, இருபது நாளா உக்காந்து ஏத்துன டேட்டா மொத்தமும் அந்த ஃபோல்டரோட போயிருச்சு, பேக்கப்பும் இல்ல, கடைலயே உக்காந்து மறுபடி முதல்ல இருந்து டைப் பண்ணுச்சு.

சரியான வழி இது. ஸாம்ப்ல எல்லாத்தையும் நிறுத்துங்க. சி ட்ரைவ்ல ஸாம்ப், அதுக்குள்ள மைஎஸ்க்யூஎல் ஃபோல்டருக்கு போங்க. அங்க டேட்டானு ஒரு ஃபோல்டர், பேக்கப்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். டேட்டாவை அழிக்காம டேட்டா_ஓல்ட்னு பேர் மாத்துங்க. பேக்கப்பை காப்பி பண்ணி அந்த காப்பிக்கு டேட்டானு பேர் வைங்க. இப்ப ஓல்ட்ல இருந்து உங்க ப்ராஜெக்ட் டேட்டாபேஸ் பேர்ல இருக்கிற ஃபோல்டரை மட்டும் புது டேட்டாக்குள்ள போடுங்க, மைஎஸ்க்யூஎல், பெர்ஃபார்மன்ஸ்_ஸ்கீமா, பிஎச்பிமைஅட்மின்ங்கிற ஃபோல்டர் எதையும் எடுக்காதீங்க. கடைசியா ஓல்ட்ல இருக்கிற ஐபிடேட்டா1ங்கிற ஃபைலை எடுத்து புதுசுல இருக்கிறதுமேல ஓவர்ரைட் பண்ணுங்க. இந்த ஃபைலை விட்டீங்கன்னா டேபிள் பேர் எல்லாம் வரிசையா தெரியும், க்ளிக் பண்ணா "டஸ்ன்ட் எக்ஸிஸ்ட்"ங்கும். ஸ்டார்ட் குடுங்க, வந்துச்சுன்னா வேற எந்த வேலையும் பாக்காம முதல்ல பிஎச்பிமைஅட்மின்ல (டேட்டாபேஸை ப்ரவுசர்ல திறக்குற பேஜ்) எக்ஸ்போர்ட் பண்ணி அந்த எஸ்க்யூஎல் ஃபைலை உங்க மெயிலுக்கே அனுப்பி வச்சுக்கோங்க.

பேர்தான் மைஎஸ்க்யூஎல், 2015க்கு அப்புறம் வந்த ஸாம்ப்ல உள்ள இருக்கிறது மரியாடிபி. ரெண்டும் ஒரே ஆள் மான்ட்டி வைடேனியஸ் ஆரம்பிச்சதுதான், ரெண்டுக்கும் தன் பொண்ணுங்க பேரை வச்சாரு, மூத்தவ மை, இளையவ மரியா. இதை ஏன் இங்க சொல்றேன்னா, ரிக்கார்ட்ல மைஎஸ்க்யூஎல்னு எழுதிட்டு திரையில மரியாடிபின்னு தெரிஞ்சா வைவாக்கு (வாய்மொழித் தேர்வு) வர்ற எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேப்பாரு. அதோட இம்போர்ட்ல வர்ற ஒரு எரருக்கும் இதுதான் காரணம், கீழ வருது.

"ஆப்ஜெக்ட் நாட் ஃபவுண்ட்" வருது, இல்ல கோடு அப்படியே எழுத்தா தெரியுது

ஜிப்பை பிரிச்சா ஃபோல்டர் பேர் பின்னாடி ஹைஃபன் போட்டு மெயின் இல்ல மாஸ்டர்னு ஒட்டிட்டு வரும், அதுக்குள்ள திரும்ப அதே பேர்ல இன்னொரு ஃபோல்டர் இருக்கும். இண்டெக்ஸ் ஃபைல் எந்த ஃபோல்டர்ல இருக்கோ அதைத்தான் ஸாம்ப்ல இருக்கிற எச்டிடாக்ஸ் ஃபோல்டருக்குள்ள வைக்கணும். ஃபோல்டர் பேர்ல ஸ்பேஸ் வேண்டாம்.

கோடு அப்படியே தெரியுதுன்னா ஃபைலை டபுள் க்ளிக் பண்ணி திறந்திருக்கீங்க. மேல அட்ரஸ் பார்ல லோக்கல்ஹோஸ்ட்னு ஆரம்பிக்குதா பாருங்க, ஃபைல்னு ஆரம்பிச்சா அது சர்வர் வழியா வரவே இல்ல. லோக்கல்ஹோஸ்ட்தான் இருக்கு, ஆனாலும் பாதி கோடு தெரியுதுன்னா எழுதுனவர் ஆரம்பத்துல வெறும் கேள்விக்குறியோட டேக் போட்டிருப்பாரு, பிஎச்பிங்கிற மூணு எழுத்தை அதோட சேத்து எழுதுங்க.

எஸ்க்யூஎல் ஃபைல் இம்போர்ட் ஆகல

நம்பரை பாருங்க. 1046 வந்தா டேட்டாபேஸையே செலக்ட் பண்ணாம இம்போர்ட் குடுத்திருக்கீங்க. ப்ராஜெக்ட்டோட கான்ஃபிக் ஃபைல்ல என்ன பேர் இருக்கோ அதே பேர்ல ஒரு காலி டேட்டாபேஸ் பண்ணி, அதை க்ளிக் பண்ணிட்டு அப்புறம் இம்போர்ட். 1050 வந்தா பாதி ஏறி நின்ன பழைய டேபிள் இருக்கு, எல்லாத்தையும் ட்ராப் பண்ணிட்டு திரும்ப.

1273ம் அதோட "அன்நோன் கொலேஷன்"னும் வந்தா, அந்த கோடை எழுதுனவர் மைஎஸ்க்யூஎல் 8 வச்சிருந்தாரு, உங்ககிட்ட இருக்கிறது மரியாடிபி 10.4. அவரோட ஃபைல்ல யூடிஎஃப்8எம்பி4_0900_ஏஐ_சிஐன்னு ஒரு கொலேஷன் (எழுத்தை ஒப்பிட்டு அடுக்குற விதி) பேர் வரும், அது நம்மகிட்ட இல்லாத சாமான். எஸ்க்யூஎல் ஃபைலை நோட்பேட்ல திறந்து ஃபைண்ட் ரீப்ளேஸ் போட்டு எல்லா இடத்துலயும் யூடிஎஃப்8எம்பி4_ஜெனரல்_சிஐன்னு மாத்திட்டு சேவ் பண்ணுங்க, அவ்வளவுதான், ரெண்டு நிமிஷ வேலை. இதுக்கு ஒரு தம்பி மூணு நாள் அலைஞ்சிருக்கான்.

"அக்ஸஸ் டினைட் ஃபார் யூசர் ரூட்"

1045. ஸாம்ப்ல டேட்டாபேஸோட தலைமை யூசரான ரூட்டுக்கு பாஸ்வேர்ட் கிடையாது, காலியா விடணும். எழுதுனவர் தன்னோட பாஸ்வேர்டை போட்டு வச்சிருப்பாரு, கான்ஃபிக் ஃபைல்ல பாஸ்வேர்டுக்கு நேரா கோட்டேஷனுக்குள்ள இருக்கிறதை அழிங்க. சில ப்ராஜெக்ட்ல கனெக்ஷன் ஒரே ஃபைல்ல இருக்காது, அட்மின் ஃபோல்டருக்குள்ள இன்னொண்ணு ஒளிஞ்சிருக்கும், அதையும் மாத்தணும்.

வெள்ளைப் பக்கம், ஒண்ணுமே இல்ல

முதல்ல ஃபைல் மேல எரர்_ரிப்போர்ட்டிங் சைபர்னு ஒரு வரி இருக்கா பாருங்க. ஓசிக் கோடுல பாதிப் பேர் இதை போட்டு வைப்பாங்க, தப்பு தெரியாம இருக்கட்டும்னு. அந்த வரியை எடுத்தீங்கன்னா உண்மையான எரர் வெளிய வரும்.

வெளிய வர்றது "கால் டு அன்டிஃபைண்ட் ஃபங்ஷன் மைஎஸ்க்யூஎல்_கனெக்ட்"னா கோடு ரொம்ப பழசு. அந்த ஃபங்ஷன் கூட்டம் மொத்தத்தையும் 2015ல வந்த பிஎச்பி 7லயே தூக்கிட்டாங்க. எல்லா இடத்துலயும் ஒரு ஐ சேத்து மைஎஸ்க்யூஎல்ஐன்னு மாத்துனா ஓடிரும்னு யாராவது சொன்னா பாதிதான் உண்மை. பழைய க்வெரி ஃபங்ஷனுக்கு எஸ்க்யூஎல்லை மட்டும் குடுத்தா போதும், புதுசுக்கு முதல்ல கனெக்ஷனை குடுக்கணும், அப்புறம்தான் எஸ்க்யூஎல். பழைய ரிசல்ட் ஃபங்ஷனுக்கு புதுசுல ஜோடியே கிடையாது. நாலஞ்சு ஃபைல்னா உக்காந்து மாத்துங்க, நாப்பது ஃபைல்னா வேற கோடு தேடுங்க. பிஎச்பி 5.6 உள்ள பழைய ஸாம்ப் போட்டு ஓட்டிரலாம்னு தோணும், ஓடும்தான், ஆனா 2018 முடியும்போதே அதுக்கு செக்யூரிட்டி ஃபிக்ஸ் குடுக்கிறதை நிறுத்திட்டாங்க, வைவால அதைப் பத்தி ஒரு கேள்வி வந்தா உங்ககிட்ட பதில் இருக்காது.

"அன்டிஃபைண்ட் அர்ரே கீ"ன்னு வரிவரியா வந்தா பயப்பட வேண்டாம். பிஎச்பி 7ல நோட்டீஸா இருந்ததை 8ல வார்னிங் ஆக்கிட்டாங்க. ஃபார்ம் சப்மிட் ஆகுறதுக்கு முன்னாடியே அந்த ஃபீல்டை கேக்குது, அந்த ஃபீல்டு வந்திருக்கான்னு பாக்குற இஸ்செட் போட்டு சுத்துனா அடங்கிரும்.

லாகின் பேஜ் வருது, உள்ள விட மாட்டேங்குது

ரீட்மீல பாஸ்வேர்ட் குடுத்திருப்பாங்க, படிங்க. அதுவும் வேலை செய்யலன்னா பிஎச்பிமைஅட்மின்ல யூசர் டேபிளை திறந்து பாஸ்வேர்ட் காலத்தை (column) பாருங்க. 32 எழுத்துல எண்ணும் ஏ முதல் எஃப் வரை எழுத்துமா இருந்தா அது எம்டி5, பாஸ்வேர்டை அடையாளம் தெரியாம மாத்தி வைக்கிற ஒரு ஹாஷ் முறை. எடிட் பண்ணும்போது பக்கத்துல ஃபங்ஷன்னு ஒரு ட்ராப்டவுன் இருக்கும், அதுல எம்டி5 செலக்ட் பண்ணி புது பாஸ்வேர்டை போட்டா உள்ள போயிரலாம். டாலர், 2, ஒய்னு ஆரம்பிச்சா பாஸ்வேர்ட்_ஹாஷ்ல பண்ணது, அங்க இந்த எம்டி5 வழி எடுபடாது.

ரிஜிஸ்டர் பண்ண முடியுது, அதே பாஸ்வேர்டுல லாகின் மட்டும் ஆகலங்கிற கேஸ் தனி. பாஸ்வேர்ட்_ஹாஷ் தர்ற ஹாஷ் 60 எழுத்து நீளம். காலத்தை வார்கேர் 50னு, அதாவது 50 எழுத்து வரைக்கும்தான்னு வச்சிருந்தா கடைசி 10 எழுத்து சத்தமில்லாம வெட்டுப்பட்டுரும், அப்புறம் எத்தனை தடவை சரியா அடிச்சாலும் தப்புன்னுதான் சொல்லும். 255 ஆக்கிட்டு புதுசா ரிஜிஸ்டர் பண்ணுங்க, பழைய வரி உதவாது.

எல்லாருக்கும் ஒரே ஃபோன் நம்பர்

எனக்கு ரொம்ப பிடிச்ச எரர் இது, ஏன்னா எரரே வராது. அறுபது பேர் டேட்டா ஏத்திட்டு லிஸ்ட்டை திறந்தா அறுபது பேருக்கும் 2147483647. ஒரு தம்பி அந்த நம்பருக்கு கால் பண்ணியே பாத்துட்டான்.

ஃபோன் காலத்தை இன்ட்னு, அதாவது முழு எண்ணுன்னு வச்சிருக்காங்க. இன்ட் தாங்குற பெரிய நம்பரே அதுதான், 214 கோடி சொச்சம். நம்ம ஊர் மொபைல் நம்பர் 6, 7, 8, 9லதான் ஆரம்பிக்கும், அப்ப எந்த நம்பரை போட்டாலும் 600 கோடிக்கு மேல, ஒண்ணு கூட உள்ள அடங்காது. ஸாம்ப்ல ஸ்ட்ரிக்ட் மோட் ஆஃப்ல இருக்கிறதால "தாங்காது"ன்னு திட்டாம தன்னால முடிஞ்ச பெரிய நம்பரை போட்டு வச்சிட்டு பேசாம இருந்துரும்.

இதே கூத்து ரெஜிஸ்டர் நம்பர்லயும் நடக்கும். அண்ணா யுனிவர்சிட்டி பசங்களோட 12 டிஜிட் நம்பரை இன்ட் ப்ரைமரி கீயா (ரெண்டு பேருக்கு ஒண்ணா வரக் கூடாத அடையாளம்) வச்சா முதல் ஆள் ஏறிருவான், ரெண்டாவது ஆளுக்கு 1062, "டூப்ளிகேட் என்ட்ரி 2147483647"ன்னு நிக்கும். கூட்டிக் கழிக்காத எந்த நம்பரும் நம்பர் இல்ல, எழுத்துதான். ஃபோன், ரெஜிஸ்டர் நம்பர், பின்கோடு மூணையும் ஸ்ட்ரக்சர் டேப்ல போய் வார்கேர் ஆக்குங்க. ஏற்கெனவே ஏறுனது திரும்ப வராது, அந்த நம்பரையெல்லாம் மறுபடி டைப் பண்ணத்தான் வேணும்.

தமிழ்ல பேர் போட்டா கேள்விக்குறியா வருது

ரெண்டு விதமா கெடும், ரெண்டுக்கும் வைத்தியம் வேற. வெறும் கேள்விக்குறி வரிசையா இருந்தா டேபிள் தமிழ் எழுத்தே இல்லாத லத்தீன்1ங்கிற எழுத்துத் தொகுப்புல இருக்கு, தமிழ் எழுத்து உள்ள போகும்போதே தொலைஞ்சிருச்சு, திரும்பக் கிடைக்காது. கேள்விக்குறிக்கு பதிலா தலைல கோடு போட்ட ஏ மாதிரி லத்தீன் எழுத்தா குப்பை குப்பையா வந்தா உள்ள இருக்கிற பைட் இன்னும் பத்திரமாத்தான் இருக்கும், படிக்கிற இடத்துல மட்டும் தப்பு. எல்லா மொழி எழுத்தையும் சேமிக்கிற முறையான யூடிஎஃப்8ல தமிழ் எழுத்துக் குறி ஒண்ணுக்கு மூணு பைட், அந்த மூணையும் தனித்தனி எழுத்தா நினைச்சு காட்டுது.

மூணு இடத்துல யூடிஎஃப்8 இருக்கணும்: டேபிளோட கொலேஷன், கனெக்ஷன் பண்ண உடனே அடுத்த வரில செட்_கேர்செட், எச்டிஎம்எல் தலைல மெட்டா டேக். மூணுல எல்லாரும் விடுறது நடுவுல இருக்கிற கனெக்ஷனை.

எல்லாம் சரியாகி தமிழ் வந்ததுக்கு அப்புறமும் ஒரு குழி இருக்கு. பேர் காலம் வார்கேர் 15னு வச்சுக்கோங்க, முத்துக்குமாரசாமின்னு ஒருத்தரை ஏத்துனீங்கன்னா முத்துக்குமாரசான்னு நிக்கும். நம்ம கணக்குக்கு அது ஒன்பது எழுத்து, ஆனா கம்ப்யூட்டர் உயிர்க்குறியையும் புள்ளியையும் தனியா எண்ணும், மொத்தம் 17 ஆகுது, கடைசி "மி" வெளிய விழுந்துருது. இங்கிலீஷ் பேரை மனசுல வச்சு எழுதுன கோடு, அதனால பேர், ஊர், அட்ரஸ் எல்லாத்தையும் ரெண்டு மூணு மடங்கு பெருசாக்குங்க.

வானவில், பாமினில அடிச்ச லிஸ்ட்டை ஆஃபீஸ்ல இருந்து வாங்கி அப்படியே ஏத்துறவங்களும் உண்டு. அது யூனிகோட் இல்ல, இங்கிலீஷ் எழுத்துமேல தமிழ் சட்டை போட்டது, முதல்ல கன்வெர்ட் பண்ணணும்.

ஒரே ஒரு ஆளோட பேர் மட்டும் ஏற மாட்டேங்குது

தூத்துக்குடி பசங்க கிளாஸ்ல இருந்தா இது கண்டிப்பா வரும். டி'குரூஸ்னு இங்கிலீஷ்ல அடிச்சா நடுவுல அந்த ஒத்தை மேற்கோள் குறி வருது இல்லயா, எஸ்க்யூஎல் அதோட பேர் முடிஞ்சிருச்சுன்னு நினைச்சுக்கும், மிச்சத்தை கமாண்டா படிக்கப் பாத்துட்டு 1064னு நிக்கும். மேற்கோளை எடுத்துட்டு டைப் பண்ணுன்னு சொல்லி சமாளிக்காதீங்க. அந்த ஓட்டை வழியாத்தான் பாஸ்வேர்டே தெரியாம லாகின் பண்ணி உள்ள வருவாங்க, எக்ஸ்டர்னல் அதை செஞ்சு காட்டுனா முகத்தை எங்க வச்சுக்குவீங்க. இன்சர்ட், லாகின் ரெண்டையுமாவது ப்ரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட்டா மாத்துங்க, எஸ்க்யூஎல்ல மதிப்பு வர்ற இடத்துல கேள்விக்குறி போட்டு, பைண்ட் பண்ணி அனுப்புறது.

வீட்ல ஓடுச்சு, ஹோஸ்டிங்ல போட்டா ஓடல

1146 வந்தா டேபிள் பேர்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து. விண்டோஸுக்கு ரெண்டும் ஒண்ணு, லினக்ஸுக்கு வேற வேற. ஃபைல் பேருக்கும் இதே கதைதான். "ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்" வந்தா கான்ஃபிக் ஃபைலோட முதல் வரிக்கு முன்னாடி ஸ்பேஸ் இருக்கா பாருங்க, இல்லன்னா நோட்பேட்ல பாம் (BOM, ஃபைல் ஆரம்பத்துல கண்ணுக்குத் தெரியாம ஒட்டுற குறி) இல்லாம யூடிஎஃப்8னு சேவ் பண்ணிப் பாருங்க. கோடை கிட்ஹப்ல ஏத்துறதா இருந்தா கிளாஸ் பசங்களோட உண்மையான ஃபோன் நம்பர், ஆதார் நம்பர் உள்ள எஸ்க்யூஎல் ஃபைலை சேத்து ஏத்தாதீங்க, தயவுசெஞ்சு.

எல்லாம் ஓடுது, வைவால மட்டும் நிக்குது

"இது யார் கோடு?"ன்னு கேட்டா நான்தான் எழுதுனேன்னு சொல்லாதீங்க, ஃபுட்டர்ல எழுதுனவர் பேர் இருக்கும், அதை எடுக்க மறந்திருப்பீங்க. எடுக்கவும் வேண்டாம். எம்ஐடி, ஜிபிஎல்ங்கிற லைசென்ஸ் ரெண்டும் தாராளமா எடுத்துக்கோ மாத்திக்கோங்குது, ஆனா அந்த காப்பிரைட் வரியையும் லைசென்ஸையும் கூடவே வைக்கச் சொல்லுது. லைசென்ஸ் ஃபைலே இல்லன்னா ஓசின்னு அர்த்தம் இல்ல, உரிமை மொத்தமும் எழுதுனவர்கிட்டதான் இருக்கு, கிட்ஹப்ல அந்த ப்ராஜெக்ட்டோட இஷ்யூஸ் பேஜ்ல அவர்கிட்ட ஒரு வரி கேட்டுருங்க. ரிக்கார்ட்ல எக்ஸிஸ்டிங் சிஸ்டம்ங்கிற சாப்டர்ல பேங்க், ரேஷன் கடைன்னு எதையாவது எழுதுறதுக்கு, இந்த கோடை எடுத்தேன், இதுல இது இது இல்ல, ப்ரொபோஸ்ட் சிஸ்டம்ல நான் சேத்தது இதுன்னு எழுதுனா அதுவே நல்லா நிக்கும்.

அடுத்து எக்ஸ்டர்னல் கேக்கிறது அநேகமா "ப்ளட் க்ரூப்னு ஒரு ஃபீல்டு சேத்துக் காட்டு". டேபிள்ல காலம் சேத்துட்டு ஓட்டுவீங்க, 1136, "காலம் கவுண்ட் டஸ்ன்ட் மேட்ச்"னு வரும். பழைய இன்சர்ட்ல காலம் பேரே குடுக்காம வேல்யூஸ் மட்டும் வரிசையா குடுத்திருப்பாங்க, டேபிள்ல பத்து காலம், வர்றது ஒன்பது மதிப்பு. இன்சர்ட்ல காலம் பேரை எல்லாம் எழுதி பத்தாவதையும் சேருங்க, ஃபார்ம்ல ஒரு பெட்டி, எடிட் பேஜ்ல ஒண்ணு, லிஸ்ட் காட்டுற டேபிள்ல ஒரு தலைப்பும் ஒரு செல்லும். வைவாக்கு முந்தின நாள் ராத்திரி வீட்ல ஒரு தடவை இதை சேத்து, எடுத்து, திரும்ப சேத்துப் பாத்துட்டு, காலைல பைண்டிங்குக்கு வாங்க, பத்து மணிக்கு மேல வந்தா கூட்டமா இருக்கும்.